மூணாவது மாடிக்குக் கையெழுத்து

"சார், துப்பறியும் நிபுணர்னு போர்டு போட்டிருக்கே, அது நீங்கதானா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்து என் இடது கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அவியதான். செருப்பு அகப்பட்டதும் ஒங்க கேஸை எடுப்பாவ. உக்காருங்க" என்றான் அய்யூப்.

அய்யூப் என் அசிஸ்டெண்ட். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஓடும் பஸ்ஸில் பதினாறு வருஷம் கண்டக்டராக இருந்தவன். ஆளைப் பார்த்தாலே எந்த ஸ்டாப்பில் ஏறுவான், எங்கே இறங்குவான், சில்லறை வைத்திருப்பானா என்பதைச் சொல்லிவிடுவான். நான் சுந்தரபாண்டியன். போலீஸில் பதினோரு வருஷம் ஸ்டேஷன் ரைட்டர். மற்றவர்கள் பிடித்த திருடர்களைப் பற்றி அழகான கையெழுத்தில் எழுதியதுதான் என்னுடைய துப்பறியும் அனுபவம் பூராவும். வேலையை விட்டுவிட்டு, தொண்ணூத்தி மூணு தை மாசம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இந்த போர்டை மாட்டினேன். ஒன்பது மாசத்தில் ஒரே ஒரு கேஸ். காணாமல் போன ஆடு. நான் கான்சாபுரம் பக்கம் வயல் வயலாகத் தேடிக்கொண்டிருந்தபோது அது தானாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

செருப்பு கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்தேன்.

"பேரு ஜெயபாய். ராஜபாளையத்துல கிருஷ்ணவேணி ஃபிளாட்ஸ்னு புதுசா கட்டிருக்காங்கள்ல, அதுல மூணாவது மாடி. தனியாத்தான் இருக்கேன்."

"தொழில்?"

"ஆம்பளைங்க வாராங்க, போறாங்க. அதான் தொழில்" என்றாள், என் கண்ணைப் பார்த்து.

நான் நோட்டில் 'தொழில்' என்று எழுதி, புள்ளி வைத்து, அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை உதறினேன்.

"போக்குவரத்துன்னு எழுதுங்க அண்ணாச்சி" என்றான் அய்யூப். ஜெயபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். முன்னே அவள் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெரு வீட்டில் இருந்தாள். குடித்துவிட்டு எவன் வேண்டுமானாலும் கதவை உதைப்பான். ஒருத்தன் பாட்டிலால் கீறியதில் முழங்கைக்கு மேலே ஒன்பது தையல். சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள். போன வருஷம் இந்த ஃபிளாட்டுக்கு வந்தாள். கேட் இருக்கிறது. வாட்ச்மேன் இருக்கிறார். உள்ளே வருகிறவன் ரிஜிஸ்டரில் பேர், நேரம், எந்த வீடு எல்லாம் எழுதிவிட்டுத்தான் மாடிப்படியில் கால் வைக்கவேண்டும்.

"கையெழுத்துப் போட்டுட்டு வாரவன் கையை ஓங்குறதுக்கு முந்தி ரெண்டு தடவ யோசிப்பான்ல சார். இங்க வந்த பொறவுதான் நான் நிம்மதியா தூங்குதேன்."

"வாரவிய பயப்படலையா? ரிஜிஸ்டர்ல போயி எவன் பேரு எழுதுவான்?" என்றான் அய்யூப்.

"மொதல்ல ரொம்பப் பயந்தாங்க. அதுக்குத்தான் சாப்பாடு பார்சல்னு ஒரு போர்டு மாட்டுனேன். வாரவங்க கையில ஒரு தூக்குச்சட்டியோ கேரியரோ கொண்டாந்துருவாங்க. வாட்ச்மேன் முன்னாடி நெஞ்சை நிமித்திட்டு வரலாம்ல. போறப்ப எலுமிச்சஞ்சோறு ரொப்பிக் குடுத்து அனுப்புவேன்."

இப்போது பிரச்சினை வேறு. ரெண்டு மாசத்தில் ஐந்து பேருடைய மனைவிமாருக்கு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. அதில் ஒருத்தன் கடிதத்தைக் கொண்டுவந்து ஜெயபாய் முகத்திலேயே எறிந்திருக்கிறான். அதை எடுத்து மேஜையில் வைத்தாள்.

'பாலம்மாள் அவர்களுக்கு. உங்கள் வீட்டுக்காரர் புதன்கிழமை கிருஷ்ணவேணி ஃபிளாட்ஸ் மூன்றாவது மாடிக்கு வந்தார். கையை அடக்கி வைக்கச் சொல்லவும். இப்படிக்கு, பார்த்தவர்.'

"வர்ற ஞாயித்துக்கிழமை ஃபிளாட்டுல எல்லாரும் கூடுற மீட்டிங். மூணாவது மாடிக்கு ஏன் இம்புட்டு ஆள் வருதுன்னு ஏற்கெனவே மொணமொணன்னு பேச்சு. இந்தக் கடுதாசி ஒண்ணு செக்ரட்டரி கையில கெடச்சாப் போதும், அன்னைக்கே சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவாங்க. மறுபடியும் அந்தத் தெருவுக்கு என்னால போக முடியாது சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுனது யாருன்னு கண்டுபிடிச்சு, வாயை மூடச் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

அன்றைக்குப் புதன்கிழமை. அவள் போனதும் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையில் இரண்டு நடை நடந்தேன். நிபுணர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

"பிளாக்மெயில்" என்றேன்.

"ஒரு பைசா கேக்கலையே அண்ணாச்சி."

"கேட்பான். மெதுவாக் கேட்பான்."

"மெதுவான்னா, அடுத்த தீபாவளிக்கா?"

உடனே ஒரு திட்டத்தைச் சொன்னேன். நானே அங்கே வருகிற ஆள் மாதிரிப் போவது. கேட்டில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்ப்பது. அய்யூப் அதற்குள் அங்கே வந்துபோகிறவர்களைப் பிடித்துப் பேசுவது. பஸ்ஸில் வருகிற ஆட்கள்தானே, எல்லாரும் அவனுக்குத் தெரிந்த முகங்கள். ராஜபாளையத்துக்காரன் ஒருத்தனும் ராஜபாளையத்தில் அந்த மாடியேற மாட்டான். எல்லாம் மம்சாபுரம், வத்திராயிருப்பு, எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, வீட்டிலிருந்த நாலு அடுக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணவேணி ஃபிளாட்ஸ் வாசலில் நின்றேன். கறுப்புக் கண்ணாடி, தலையில் துண்டு. கண்ணாடி வழியாக எதுவும் தெரியாததால் முதலில் பக்கத்து ஸ்கூட்டரில் இடித்துக்கொண்டேன்.

வாட்ச்மேன் வீரணன், பட்டாளத்திலிருந்து ரிடையர் ஆனவர். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். அந்த சல்யூட்டிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பொய்ப் பேர் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். தங்கராஜ், பருத்தி புரோக்கர். பேனாவைப் பிடித்ததும் கை தானாக 'முருகேசன்' என்று எழுதியது.

வீரணன் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு நீங்க நாலாவது முருகேசன். மேல போங்க. சோறு சூடா இருக்கும்."

மூன்று மாடி ஏறுவதற்குள் வேர்த்துவிட்டது. கேஸுக்காகத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதிரே இறங்கி வந்த ஒரு அம்மாளுக்கு அது தெரியாதே. சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட்டேன். இங்கே வருகிறவன் ஒவ்வொருத்தனும் இந்தப் பாட்டைப் பட்டுத்தான் வருகிறானா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் வருகிறானே!

கதவைத் திறந்தது ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி. வீரணனுடைய மனைவி செல்லத்தாய். பகலில் ஜெயபாய் வீட்டில் சமையலும் பாத்திரமும் அவள்தான் பார்க்கிறாள். என் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நான் யார் என்பது வேலைக்காரிக்குக்கூடத் தெரியக்கூடாது என்று ஜெயபாயிடம் முன்பே சொல்லியிருந்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, நோட்டை எடுத்து, ஒரு மணி நேரம் விசாரணை செய்தேன். ஸ்டேஷனில் எழுதிப் பழகிய அத்தனை கேள்விகளும் வந்தன. முதலில் அடித்தவன் யார்? எந்த வருஷம்? சத்தம் போட்டாயா? ஏன் புகார் கொடுக்கவில்லை? அந்தத் தையல் போட்டது எந்த ஆஸ்பத்திரி? இங்கே வந்தபிறகு எவனாவது கை வைத்திருக்கிறானா?

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். 'சாட்சி உணர்ச்சிவசப்பட்டார்' என்று எழுதிக்கொண்டேன். எழுதியதை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையவேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு, விசாரணை சூடு பிடித்துவிட்டது என்று சந்தோஷமாகத்தான் இறங்கினேன். கேரியரில் எலுமிச்சஞ்சோறு இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அய்யூப் காத்திருந்தான். கேரியரைப் பிரித்துவைத்துத் தின்றுகொண்டே தன் விசாரணையைச் சொன்னான்.

"ஏழு பேர்கிட்ட பேசிட்டேன் அண்ணாச்சி. மம்சாபுரத்து ஆளு சொல்லுதான், தெரு வீடுன்னா கதவைத் தட்டிட்டு நிக்கிற அந்தச் செத்த நேரந்தான் நரகமாம். இங்க கேட்டைத் தாண்டிட்டா எவன் கண்ணும் படாதாம். இன்னொருத்தன், உரம் யாவாரி, ரிஜிஸ்டர்ல எழுதும்போது நெலத்தை எழுதிக் குடுக்குற மாதிரி கை நடுங்குதுங்கான். ஆனாலும் தூக்குச்சட்டி கையில இருந்தா ஒரு தெம்பாம். எல்லாவனும் முருகேசன்தான். நீங்க என்ன பேரு எழுதுனீய?"

"கேஸுக்கு அது தேவையில்லாத விஷயம்" என்றேன்.

அவன் இன்னொரு கவளம் எடுத்துக்கொண்டு, "சோறு நல்லாருக்கு முருகேசன் அண்ணாச்சி" என்றான்.

வாட்ச்மேன்தான் குற்றவாளி என்று வெள்ளிக்கிழமை முழுக்க நிரூபித்துக்கொண்டிருந்தேன். பொய்ப் பேர் எழுதுகிறவனின் நிஜப் பேரைத் தெரிந்துகொள்ள வாசலில் நிற்கிறவனைத் தவிர வேறு யாரால் முடியும்? அய்யூப் ஒரே கேள்வியில் அதைச் சாய்த்தான். "ஆம்பளை பேரு தெரிஞ்சாலும் தெரியும். பொண்டாட்டி பேரு எப்படித் தெரியும்? நம்ம ஊருல எவன் அண்ணாச்சி வெளிய பொண்டாட்டி பேரைச் சொல்லுதான்? கடுதாசி அஞ்சும் அவிய பேருக்குத்தான் வந்திருக்கு."

சனிக்கிழமை காலையில் பதில் என் வீடு தேடி வந்தது. கொண்டுவந்தவர் என் மாமனார்.

வ. புதுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்த மனுஷன், கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை. "மாப்பிள்ளை, இதுக்கு என்ன சொல்லுதீய?" என்று ஒரு தாளை நீட்டினார். ஜெராக்ஸ்.

'அழகுத்தாய் அவர்களுக்கு. உங்கள் வீட்டுக்காரர் வியாழக்கிழமை கிருஷ்ணவேணி ஃபிளாட்ஸ் மூன்றாவது மாடிக்கு வந்து ஒரு பெண்ணை அழவைத்துவிட்டுப் போனார். வாயை அடக்கி வைக்கச் சொல்லவும். இப்படிக்கு, பார்த்தவர்.'

அழகுத்தாய் என் மனைவி. வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்தே வந்திருச்சு. வந்ததும் ராஜபாளையத்துக்குப் போயி விசாரிச்சேன். செக்ரட்டரி நல்ல மனுஷன். ஒரிஜினலை அவருகிட்ட குடுத்துட்டேன், நாளைக்கு மீட்டிங்ல வாசிக்கிறேன்னாரு. என்னையும் வரச் சொல்லிருக்காரு" என்றார் மாமா.

ஐந்து வீட்டுக்காரர்களும் ஊருக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த கடிதம். அது செக்ரட்டரி கையில் கிடைக்கக்கூடாது என்பதுதான் என் கேஸ். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் சொந்த மாமனார். எழுதப்பட்டது என்னைப் பற்றி.

கேஸ் விவரத்தை அழகுத்தாயிடம் அடியிலிருந்து நுனிவரை சொன்னேன். பாதியை நம்பினாள். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

அதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த அய்யூப் மட்டும் ஜெராக்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமா உறையையும் ஜெராக்ஸ் எடுத்திருந்தார். "அண்ணாச்சி, நீங்க இந்த ஊருக்கு வந்து எம்புட்டு வருஷம்?"

"பதினாலு."

"அப்பொறம் ஏன் கடுதாசி வ. புதுப்பட்டிக்குப் போச்சு? ஒங்க மாமனார் வீட்டு அட்ரஸும், மதினி பேரும் ஒண்ணா எங்க இருக்கு?"

நான் ரேஷன் கார்டு என்றேன். கல்யாணப் பத்திரிகை என்றேன். அய்யூப் எழுந்துபோய் அடுப்படி அலமாரியிலிருந்து நாலு அடுக்குக் கேரியரை எடுத்துவந்து, அடித்தட்டைத் திருப்பி என் மூக்குக்கு நேரே பிடித்தான்.

'சுந்தரபாண்டியன் – அழகுத்தாய், வ. புதுப்பட்டி, 6.6.79.'

கல்யாணத்துக்கு மாமனார் பேர் வெட்டிக் கொடுத்த கேரியர். அழகுத்தாய் பதினாலு வருஷமாகத் தினமும் கழுவுகிற பாத்திரம். கறுப்புக் கண்ணாடி போட்டு, துண்டைச் சுற்றி, முருகேசன் என்று பொய்க் கையெழுத்துப் போட்டு, என் பேரும் மனைவி பேரும் ஊரும் கல்யாணத் தேதியும் வெட்டிய பாத்திரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். நான் மட்டுமில்லை, எல்லா முருகேசனும்தான்!

"பாத்திரத்தைக் கழுவி சோறு ரொப்புறது யாரு?" என்றான் அய்யூப்.

அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் போனோம். செல்லத்தாய் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஜெயபாயும் அங்கேதான் இருந்தாள். நான் கேஸை விளக்கத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் செல்லத்தாய், "நான்தான் எழுதுனேன்" என்று சொல்லிவிட்டாள். விளக்குவதற்கு நான் பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போயிற்று.

ஜெயபாய் கத்தினாள். "நீயாக்கா? ஏன்க்கா? ஒன் சோத்துல மண்ணையா போட்டேன் நான்?"

"ஏட்டி, இங்க பாரு. வாரவன் எல்லாத்துக்குமா எழுதுனேன்? எண்ணிப் பாரு. ஒன்னைய அடிச்சவனுவ அஞ்சு பேரு. அவனுவளுக்கு மட்டுந்தான். காலைல வந்து ஒன் முதுகுக்கு ஒத்தடம் குடுக்குறது யாரு? நீ யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க. நான் யாருகிட்ட போயிச் சொல்ல? போலீஸ்லயா? அதான் அவனவன் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்."

நான் மெதுவாக, "நான் அடிக்கலையே யக்கா" என்றேன்.

"நீரு அடிக்கல. ஒரு மணி நேரம் உள்ள உக்காந்து என்னத்தையோ கேட்டு அழ வச்சுட்டுப் போனீரு. ராத்திரி வரைக்கும் இந்தப் பிள்ளை சோறு திங்கல. அதான் கைக்குப் பதிலா வாயின்னு எழுதுனேன்."

அய்யூப் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவன் கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை. போலீஸில் பதினோரு வருஷம் இருந்து நான் எழுதிய அத்தனை ரிப்போர்ட்டையும்விட அவள் எழுதிய நாலு வரி சரியாக இருந்தது.

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் பேரை வெளியே சொன்னால் செல்லத்தாய்க்கும் வீரணனுக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் ஜெயபாய்க்கு வீடு போகும். கடிதமோ செக்ரட்டரியின் பையில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கீழே கார் ஷெட்டில் மீட்டிங். நாற்பது நாற்காலி, ஒரு மைக். மாமாவோடு வந்தவர்கள் என்று நினைத்து எங்களையும் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். மாமா வெள்ளை வேட்டி, புதுத் துண்டோடு முன்வரிசையில் இருந்தார். செக்ரட்டரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வாசித்து முடித்ததும் எல்லாத் தலையும் ஜெயபாய் பக்கம் திரும்பியது. அவள் கை முழங்கைக்கு மேலே போய் அந்தத் தழும்பைப் பிடித்துக்கொண்டது.

"இதுக்கு நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் செக்ரட்டரி.

நான் எழுந்துவிட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று எழுந்தபிறகுதான் யோசித்தேன்.

"ஐயா, அந்த வீட்டுக்காரர் நான்தான். சாப்பாடு வாங்குற சாக்குல, தனியா இருக்குற பொம்பளைதானேன்னு, தப்பான நெனப்போட போனேன். வாய்க்கு வந்தபடி பேசுனேன். அந்தம்மா அழுது சத்தம் போட்டு, வெளக்கமாத்தை எடுத்து என்னைய வெரட்டிட்டாங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அம்புட்டும் என் புத்தி."

நான் ஜெயபாயைப் பார்த்தேன். புரிந்துகொண்டாள்.

"இந்த ஆளுதான்!" என்று பாய்ந்து எழுந்தாள். "வெளக்கமாத்துல நாலு குடுத்தும் போகல சார் இவன்! செருப்பை எடுத்த பொறவுதான் ஓடுனான்!"

செருப்பு அவள் சொந்தச் சரக்கு. பின்வரிசையில் இரண்டு பெண்கள் "தூ" என்றார்கள். ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்தார். மாமா எழுந்தார், என்னைப் பார்க்கவே இல்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தார். எனக்கு அழுகை வந்தது. நடிப்பென்று சொல்லி அந்த மனுஷனைக் கூப்பிட முடியாதே.

இத்தனை நாள் ஜெயபாயோடு முகம் கொடுத்துப் பேசாத பெண்கள் அவளைச் சுற்றி நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். செக்ரட்டரி மைக்கைத் தட்டினார். அவர் குரலே தழுதழுத்தது. தனியாக இருந்து உழைத்துப் பிழைக்கும் ஒரு சகோதரிக்கு நம் கட்டடத்தில் இப்படி நேர்ந்துவிட்டது, இனி அவருக்கு நாம்தான் காவல் என்றார். ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். இன்று முதல் மூன்றாவது மாடிக்கு வெளி ஆண்கள் யாரையும் அனுப்பக்கூடாது. சாப்பாடு வேண்டுமென்றால் பாத்திரத்தைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு போகவேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள். வீரணன் கேட்டிலிருந்தே சல்யூட் அடித்தார்.

தட்டாமல் இருந்தது மூன்றே பேர். நான், அய்யூப், ஜெயபாய்.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படி வளைவில் அவளைப் பார்த்தேன். நன்றி சொல்வாள் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. சட்டையில் இரண்டு பொத்தான் போயிருந்தது, அதையாவது பார்ப்பாள் என்று நினைத்தேன்.

"வீடு தங்கிருச்சு சார்" என்றாள். "இனிமே ஒருத்தன் கையும் என் மேல படாது. ஒருத்தன் காசும் என் கைக்கு வராது. சோறு ஆக்குறது செல்லத்தாயக்கா, எனக்கு வெந்நீர் கூட ஒழுங்கா வைக்கத் தெரியாது. இப்ப நான் ஒங்களைக் கும்பிடணுமா, இல்ல நெசமாவே வெளக்கமாத்தை எடுக்கணுமா? நீங்கதானே நிபுணர், துப்பறிஞ்சு சொல்லுங்க."

நான் அய்யூப்பைப் பார்த்தேன். அவன் ஷெட்டில் பொறுக்கிய என் சட்டைப் பொத்தான் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். அவள் மேலே ஏறிப் போனாள்.